பகிர்வுக்குப் பணம் எங்கே?

கேள்வி: வறுமையையும் பருவநிலை மாற்றத்தையும் எதிர்கொள்ள, நாடுகள் தம் வளத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்கிறார்கள். அதற்கான பணத்துக்கு எங்கே போவது?

பதில்: பணம் இல்லாமல் இல்லை, அது வேறு வழியில் போய்க்கொண்டிருக்கிறது. 2023-இல் உலக நாடுகள் ராணுவத்துக்குச் செலவிட்டது ஏறத்தாழ 2.4 லட்சம் கோடி டாலர் என்கிறது ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனம். பணக்கார நாடுகள் அதே ஆண்டில் வளர்ச்சி உதவியாக அளித்த தொகை அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. தேசிய வருமானத்தில் 0.7 விழுக்காட்டை ஏழை நாடுகளுக்கு ஒதுக்குவது என்று ஐ.நா. பொதுச்சபை 1970-இலேயே இலக்கு வகுத்தது. அரை நூற்றாண்டு கழிந்த பிறகும் அதை எட்டும் நாடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

உதவி என்பது கொடுப்பவரின் மனத்தைப் பொறுத்தது. ஆட்சி மாறினாலோ நிதிநிலை இறுகினாலோ முதல் வெட்டு அதன்மீதுதான் விழும். எனவே, ஆண்டுதோறும் கையேந்தத் தேவையில்லாதபடி தானாகவே வந்துசேரும் வரியே நம்பத்தக்கது என்பது என் கருத்து. இதற்கு முன்னுதாரணமும் உண்டு. பிரான்ஸ் 2006-இல் விமானப் பயணச்சீட்டின்மீது ஒரு சிறு தீர்வை விதித்தது: ஐரோப்பாவுக்குள் சாதாரண வகுப்பில் பறப்பவருக்கு ஒரு யூரோ, தொலைதூரப் பயணத்தில் உயர்வகுப்பில் அமர்பவருக்கு நாற்பது யூரோ. சாதாரணப் பயணி ஒரு காபியின் விலைகூடக் கொடுக்கவில்லை. ஆனால் அந்தத் தொகை ஏழை நாடுகளுக்கு மருந்து கிடைக்கச் செய்யும் பன்னாட்டு அமைப்பான யுனிட்எய்ட் வழியே, எச்ஐவி தொற்றுள்ள குழந்தைகளுக்கு ஏற்ற மருந்துகளை ஏழை நாடுகளுக்குக் கொண்டுசேர்த்தது. நாணயப் பரிவர்த்தனைகளுக்குச் சிறு வரி விதிக்கலாம் என்று பொருளியல் அறிஞர் ஜேம்ஸ் டோபின் 1970-களிலேயே சொன்னார். பெருங்கோடீஸ்வரர்களின் சொத்துக்குக் குறைந்தபட்சம் 2 விழுக்காடு வரி விதித்தால் ஆண்டுக்கு 20,000 கோடி டாலருக்குக் குறையாமல் கிடைக்கும் என்று பிரெஞ்சுப் பொருளியல் அறிஞர் கேப்ரியல் சுக்மன் 2024-இல் ஜி20 நாடுகளிடம் கணக்குக் காட்டினார். அத்தகைய வரியை எல்லா நாடுகளும் சேர்ந்து விதிக்காவிட்டால் சொத்து எல்லை தாண்டி ஓடிவிடும் என்பதுதான் சிக்கல்.

கேள்வி: சர்வதேச நாணய நிதியமே புதிதாக நிதியை உருவாக்கிக் கொடுத்துவிட்டால் என்ன?

பதில்: கொடுத்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் 65,000 கோடி டாலர் மதிப்புள்ள சிறப்பு எடுப்பு உரிமைகளை, அதாவது உறுப்பு நாடுகள் தேவைப்படும்போது டாலர் போன்ற நாணயங்களாக மாற்றிக்கொள்ளத்தக்க இருப்பை, அது உருவாக்கியது. ஆனால் பங்கீடு நடந்தது தேவையைப் பார்த்து அல்ல, நிதியத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் அதன் பொருளாதார அளவை ஒட்டி உள்ள பங்கைப் பார்த்து. ஆகவே ஆப்பிரிக்கா முழுவதற்கும் சேர்த்துக் கிடைத்தது ஏறக்குறைய 3,300 கோடி டாலர்தான். உண்டவருக்கே மறுபடியும் இலை போட்டதைப் போன்றது இது. தமக்கு மிஞ்சியதில் 10,000 கோடி டாலரை ஏழை நாடுகளுக்குத் திருப்பிவிடுவதாகப் பணக்கார நாடுகள் பிறகு வாக்களித்தன. அதிலும் பெரும்பகுதி, பெறுகிற நாட்டின் கணக்கில் கடனாகவே ஏறும்படி அமைந்தது.