நிலத்தை விற்காதீர்கள், மகள் சட்டம் படிக்கட்டும்

போன மாதம் ஒரு அப்பா, அம்மா, மகள் மூவரும் என்னிடம் படிப்பு ஆலோசனை கேட்டு வந்திருந்தார்கள். மகள் இரண்டு முறை நீட் எழுதிவிட்டாள், மதிப்பெண் போதவில்லை. மூன்றாவது முறை கோச்சிங்கில் சேர்ப்பதா, இருக்கிற நிலத்தை விற்று மேனேஜ்மென்ட் சீட் வாங்குவதா என்பதுதான் அப்பாவின் கேள்வி. மகளோ சட்டம் படித்து, காடு, விலங்கு சம்பந்தமான வழக்குகளில் வேலை செய்யப் போகிறேன் என்கிறாள். "சொந்தக்காரங்க முன்னாடி தலைகாட்ட முடியல சார்" என்று அம்மா கண் கலங்கினார்.

கொஞ்ச நேரம் ஆறுதலாகத்தான் பேசினேன். ஆனால் நிலம் என்ற பேச்சு திரும்பத் திரும்ப வந்ததும் நேராகவே சொல்லிவிட்டேன்: விற்காதீர்கள். தனக்கு வேண்டாம் என்று பிள்ளை வாய்விட்டுச் சொல்கிற படிப்புக்காக, வீட்டுக்கு இருக்கிற ஒரே பிடிமானத்தை விடுவது சரியல்ல. பேசுகிற சொந்தக்காரர்கள் யாரும் கல்லூரிக் கட்டணத்துக்குக் கை கொடுக்கப் போவதில்லை.

அப்புறம் மகளின் நோட்டை வாங்கிப் பார்த்தேன். செய்தித்தாள் துண்டுகளை ஒட்டி வைத்திருக்கிறாள். ஒன்று, முதுமலையை ஒட்டிய சீகூர் யானை வழித்தட வழக்கு. வழித்தடத்தில் இருக்கும் ரிசார்ட்டுகள் காலி செய்ய வேண்டும் என்று 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த செய்தி. ஓரத்தில் பென்சிலால், "ரிசார்ட்காரர் பட்டா காட்டுவார். யானை எதைக் காட்டும்?" என்று எழுதியிருந்தாள். அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதுதான் இந்தத் தொழில் என்று பெற்றோரிடம் சொன்னேன்.

இந்தத் துறையைப் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் வேட்டை வழக்குகள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, மிக அதிகப் பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் உள்ள புலியையோ யானையையோ கொன்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. சட்டம் கடுமையாக இருந்தும், மகஜரில், அதாவது பறிமுதல் விவரத்தை எழுதும் பதிவில், நேரம் தப்பாக இருந்தாலோ, பறிமுதல் செய்த பொருளுக்குச் சரியாக முத்திரை வைக்காவிட்டாலோ வழக்கு ஆட்டம் கண்டுவிடும். உதவி வனப் பாதுகாவலர் நிலைக்குக் குறையாத அதிகாரி, குற்றம் சாட்டப்பட்டவர் முன்னிலையில் பதிவு செய்யும் சாட்சியத்தை நீதிமன்றம் ஏற்கலாம் என்று 50ஆம் பிரிவு சொல்கிறது. 'முன்னிலையில்' என்ற அந்த ஒரு சொல்லைக் கவனிக்காமல் விட்டால் அத்தனை உழைப்பும் வீண். காகிதத்தை இப்படி வரி வரியாகப் பார்க்கிற வக்கீல்தான் வனத்துறைக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் வேண்டும்.

அடுத்து, சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்றே இருக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம். தென் மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. ஒரு திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்துவிட்டால் அதை எதிர்த்து 30 நாளுக்குள் இங்கே மேல்முறையீடு செய்ய வேண்டும். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் வரை கிடைக்கலாம். அதற்குப் பிறகு கதவு மூடிவிடும். அதற்குள் அந்தத் திட்டத்தின் தடித்த சுற்றுச்சூழல் ஆய்வறிக்கையைப் படித்து, ஓடை இருக்கிற இடத்தில் தரிசு என்று எழுதியிருப்பதைக் கண்டுபிடிக்கும் ஆள் வேண்டும்.

அந்த அறிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு வரும் மக்கள் கையில் கிடைப்பது தமிழ்ச் சுருக்கம் மட்டும். இப்படிப்பட்ட அனுமதிகளுக்கான புதிய விதிகளின் வரைவு (சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு) 2020இல் வெளியானபோது, அதை அரசியலமைப்பின் அட்டவணை மொழிகள் 22இலும் மொழிபெயர்க்கச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. சட்டமும் தெரிந்து, அதை ஊர்க்காரருக்குப் புரியும் தமிழில் எழுதவும் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. உங்கள் மகளுக்கு இடம் இருப்பது அங்கேதான்.

ஒரு மனு எவ்வளவு தூரம் போகும் என்று அப்பா கேட்டார். கூடலூர்ப் பக்கம் மரம் வெட்டுவதை எதிர்த்துக் கோதவர்மன் திருமுல்பாடு என்பவர் 1995இல் உச்ச நீதிமன்றத்தில் போட்ட மனுவைச் சொன்னேன். 1996 டிசம்பர் 12இல் வந்த உத்தரவு, நாடு முழுவதும் 'காடு' என்றால் என்ன என்பதையே மாற்றியது.

சரி, செலவு. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே அரசு சட்டக் கல்லூரியில் ஐந்தாண்டுப் படிப்பில் சேரலாம். கடன் வாங்கித் தனியார் கல்லூரிக்குப் போக நான் சம்மதிக்கவே மாட்டேன். படித்து முடித்து வக்கீலாகப் பதிவு செய்ய பார் கவுன்சில் வாங்கும் கட்டணமும் பொதுப்பிரிவினருக்கு 750 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கஷ்டம் அதற்குப் பிறகுதான். ஜூனியர் வக்கீலுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 ரூபாயாவது தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் சொன்னது. எல்லா அலுவலகத்திலும் அது கைக்கு வந்துவிடும் என்று நம்பி உட்காராதீர்கள். முதல் மூன்று, நான்கு வருடம் வீட்டுச் சாப்பாடும் வீட்டுத் துணையும் வேண்டும். நிலம் கையில் இருந்தால், அதன் குத்தகைப் பணம் அப்போது அவளைத் தாங்கும்.

மகளிடமும் கறாராகத்தான் பேசினேன். யானையைப் பிடிக்கும் என்பது மட்டும் போதாது, யானையைப் பற்றிய இருநூறு பக்கக் கோப்பும் பிடிக்க வேண்டும். சீகூர்த் தீர்ப்பை முழுதாகப் படித்து, பாட்டிக்குப் புரிகிற மாதிரி ஒரு பக்கம் எழுதி அனுப்பச் சொன்னேன்.

பத்து நாள் கழித்து வந்தது, ஒன்றரைப் பக்கம். முதல் பத்தி தீர்ப்பு மொழியிலேயே தடுமாறுகிறது. இரண்டாவது பத்தி, "யானைக்குப் பாதை என்பது பழக்கம் அல்ல, ஞாபகம்" என்று தொடங்குகிறது. ஒரு தேதி தப்பு. சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், திருத்தி எழுதச் சொல்லி.

அப்பா இன்னும் முடிவு சொல்லவில்லை. சட்டக் கல்லூரி விண்ணப்பம் பிளஸ் டூ ரிசல்ட்டை ஒட்டி வரும். அதுவரைக்குமாவது நிலத்துக்கு ஆள் பார்ப்பதை நிறுத்தி வையுங்கள் என்று நேற்றும் போனில் சொன்னேன்.