மேல் ஏரிக்காரர்களிடம் பேசாமல் உங்கள் தெருத் தண்ணீர் வடியாது

கேள்வி: சென்னைப் புறநகர் முடிச்சூரில் அடையாற்றங்கரைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். ஐப்பசி, கார்த்திகை வந்தாலே தெருவில் முழங்கால் தண்ணீர். மழைநீர் வடிகால் கேட்டு மனு கொடுத்துச் சலித்துவிட்டோம். ஆற்றோரம் மதில் எழுப்பலாம் என்று எங்கள் சங்கத்தில் சிலரும், மேலே உள்ள ஊர்களோடு கூட்டாகப் பேசலாம் என்று சிலரும் சொல்கிறார்கள். எது பயன் தரும்?

பதில்: கூட்டாகப் பேசுங்கள். மதில் கட்டினால் அந்தத் தண்ணீர் எதிர்க்கரைக்குப் போகும், அவ்வளவுதான். வடிகாலும் ஆற்றில்தான் போய் விழவேண்டும். ஆற்று மட்டம் வாய்க்கு மேல் ஏறிவிட்டால் அதே வடிகால் வழியாக வெள்ளம் தெருவுக்குள் வரும்.

உங்கள் பகுதியில் பலரும் செம்பரம்பாக்கம் ஏரியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். 2015 டிசம்பரில் அங்கிருந்து விநாடிக்குத் திறந்த 29,000 கன அடி யாருக்கும் மறக்கவில்லை. ஆனால் அதன் உபரி அடையாற்றில் சேர்வது உங்களுக்குக் கீழே, திருநீர்மலை அருகில். உங்களை மூழ்கடிப்பது ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம், ஊரப்பாக்கம், நந்திவரம் ஏரிகள் நிறைந்து வழியும் தண்ணீர். ஆகவே உங்கள் கூட்டாளிகள் அந்த ஊர்க்காரர்கள்.

சிக்கல் என்னவென்றால், தண்ணீருக்குத் தெரியாத எல்லைகள் காகிதத்தில் நிறைய. முடிச்சூர் செங்கல்பட்டு மாவட்டம், பக்கத்து வரதராஜபுரம் காஞ்சிபுரம் மாவட்டம், கிழக்கே தாம்பரம் மாநகராட்சி. 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ள ஏரி நீர்வளத்துறையிடம், ஊராட்சிப் பகுதியின் சிற்றேரி ஊராட்சி ஒன்றியத்திடம், சாலைக்கு அடியில் போகும் குழாய்ப்பாலம் நெடுஞ்சாலைத் துறையிடம். ஒரே ஓடைக்கு இத்தனை பேர் பொறுப்பு. முழு ஓடையையும் நடந்து பார்க்கிறவர் மட்டும் யாருமில்லை. அந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

சித்திரை, வைகாசியில் ஊருக்கு இரண்டு பேராகச் சேர்ந்து, ஏரி நிறைந்து வழியும் ஒவ்வொரு கலங்கலிலிருந்தும் அடையாறு வரை நடந்து போங்கள். எங்கே கால்வாய் குறுகுகிறது, எந்தப் பாலத்தின் கண் அடைபட்டிருக்கிறது என்று புல எண்ணோடு எழுதுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள புலப்படம் உதவும்.

அடுத்துதான் கடினமான பேச்சு. ஆயக்கட்டு விவசாயிக்கு ஏரி நிறைய வேண்டும். உங்களுக்கோ மழை உச்சத்தில் அதில் இடம் வேண்டும். ஏரிக்குள் தண்ணீர் தேங்கும் உள்வாயில் வீடு கட்டியவர், தண்ணீர் ஏறினால் கரையையே வெட்டத் துணிவார். அந்த வெட்டு உங்கள் தலையில்தான் விடியும். மூவரையும் மழைக்கு முன் ஒரே பாயில் உட்காரவைக்க வேண்டும். கார்த்திகை முடியும்வரை ஏரியை ஓரடி குறைவாக வையுங்கள் என்று விவசாயியிடம் வெறுங்கையோடு கேட்காதீர்கள். மார்கழியில் மழை ஏமாற்றினால் அவருடைய நெல் காயும். அவருடைய பயம் நியாயமானது. பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் மதகின் மட்டத்துக்கு மேல் படிந்திருக்கும் வண்டலை எடுக்க உங்கள் சங்கமும் சேர்ந்து மனு கொடுத்து, கூடவே நிற்கும் என்று சொல்லுங்கள். மேலே ஓரடி விடுபவருக்கு அடியில் கொஞ்சம் கொள்ளளவு கிடைக்கும். பல கலங்கல்கள் கதவில்லாத வெறும் சுவர்கள் என்பதால், மட்டத்தைக் குறைக்க அங்கே கதவு வைக்க வேண்டியிருக்கும். அதை நீர்வளத்துறைப் பொறியாளர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், நீங்களாக எதையும் உடைக்காதீர்கள்.

பேசி முடித்ததை ஆகஸ்ட் 15 கிராம சபைகளில் எல்லா ஊரும் ஒரே வாசகத்தில் தீர்மானமாக்குங்கள். அக்டோபர் 2 வரை விட்டால் மழை வாசலுக்கு வந்திருக்கும். மாநகராட்சிப் பகுதியில் பகுதி சபை இருக்கிறது. பிறகு அந்தத் தீர்மானங்களை ஒன்றாகக் கட்டி இரண்டு ஆட்சியர்களுக்கும் ஒரே நாளில் கொடுங்கள். பந்து அடுத்த மாவட்டத்துக்குப் போகும் வழி அப்படித்தான் அடைபடும்.

காசில்லாமல் இந்த ஆண்டே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒவ்வொரு கலங்கல் அருகிலும் குடியிருக்கும் ஒருவரை வாட்ஸ்அப் குழுவில் சேருங்கள். "ஏரி கோடி போகுது", அதாவது நிறைந்து வழிகிறது என்று அவர் நேரத்தோடு எழுதட்டும். உங்கள் தெருவில் தண்ணீர் ஏறும் நேரத்தை நீங்கள் எழுதுங்கள். இரண்டு மழையில், எந்த ஏரி வழிந்து எத்தனை மணி நேரத்தில் உங்கள் வாசலுக்கு வருகிறது என்பது பிடிபட்டுவிடும். படுத்த படுக்கையாக இருப்பவர்களையும் கைக்குழந்தைகளையும் அந்த நேரத்துக்குள் மேட்டுக்குக் கொண்டுபோய்விடலாம்.