பிழை விடப் பயமா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கணவர் ஜேர்மனியில் இருக்கிறார். ஜேர்மன் மொழியின் தொடக்கநிலையான ஏ1 சோதினைக்காக நாலு மாதமாய் ரியூசன் போகிறேன். ஐந்நூறு சொல்லுக்கு மேல் பாடம். எழுதச் சொன்னால் எழுதுவேன். கதைக்கச் சொன்னால் நா எழும்புதில்லை. எனக்கு மொழி ஓடாதோ?
– வாசகி, சுன்னாகம்

பதில்: ஐந்நூறு சொல்லைப் பாடமாக்கியவருக்கு மொழி ஓடாது என்பதை நாங்கள் ஏற்கமாட்டோம். கதைக்கும்போது நீங்கள் நாலு வேலையை ஒன்றாகச் செய்கிறீர்கள். சொல்லைத் தேடுகிறீர்கள், பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் டெர், டீ, டாஸ் மூன்றில் எது என்று பார்க்கிறீர்கள், வினைச்சொல்லை எங்கே வைப்பதென்று யோசிக்கிறீர்கள், கூடவே எதிரில் இருப்பவரின் முகத்தையும் கவனிக்கிறீர்கள். இவ்வளவையும் மனம் ஒரே நேரத்தில் தாங்காது. முகம் பார்ப்பதை விட்டாலே மற்ற மூன்றுக்கும் இடம் கிடைக்கும். பயமும் கூச்சமும் மொழி உள்ளே இறங்குவதைத் தடுக்கும் என்பதை 1980களில் மொழி கற்றல் ஆய்வாளர் ஸ்டீபன் கிராஷன் ‘உணர்வு வடிகட்டி’ என்ற பெயரில் விளக்கினார்.

கோத்தே நிறுவனத்தின் ஏ1 பரீட்சையில் கதைப்பதற்கு 100 இல் 25 புள்ளி. மொத்தம் 60 எடுத்தால் சித்தி. இந்த நிலையில் நீங்கள் சொன்னது விளங்கியதா என்பதுதான் முக்கியம். சின்னப் பிழையோடு சொன்னாலும் புள்ளி வரும், வாயை மூடிக்கொண்டிருந்தால் வராது.

தினமும் இருபது நிமிடம் ஒதுக்குங்கள். பெயர், வயது, ஊர், தொழில், பொழுதுபோக்கு பற்றி ஐந்து வசனத்தை போனில் பதியுங்கள். பிழைத்தாலும் நிறுத்த வேண்டாம். பிறகு கேட்டு, ஒரேயொரு வகைப் பிழையை மட்டும் பிடித்து, திரும்பப் பதியுங்கள். எல்லாப் பிழையையும் ஒரே நாளில் திருத்தப் போனால் மறுபடி நா கட்டும். ஒரு கொப்பியில் ‘நான் சொன்னது’, ‘சரியானது’, ‘ஏன்’ என்று மூன்று நிரல் போடுங்கள். ஒரே பிழை மூன்றாம் தரமும் வந்தால் அதற்குப் பத்து வசனம் எழுதி வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அந்தக் கொப்பியில் முதலில் ஏறப்போவது அநேகமாக வினைச்சொல்லின் இடம். ‘இன்றைக்கு நான் போகிறேன்’ என்ற நினைப்பில் ‘ஹொய்ற்ற இஹ் கேஎ’ என்பீர்கள். ஜேர்மனில் வினை இரண்டாம் இடத்துக்கு வரவேண்டும்: ‘ஹொய்ற்ற கேஎ இஹ்’. ஆனால் ‘வைல்’ என்று காரணம் சொல்லத் தொடங்கினால் வினை கடைசிக்குப் போய்விடும்: ‘வைல் இஹ் கிராங்க் பின்’, அதாவது எனக்கு வருத்தம் என்பதால். ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் தடுமாறும் இடம் இது. வினையைக் கடைசியில் வைத்தே பேசிவளர்ந்த நமக்கு இது வீட்டு வழக்கம்தான். உச்சரிப்பிலும் ஒரு வசதி உண்டு: ஜேர்மன் மொழியின் ‘ரி’ (T) எழுத்துக்கு நாக்கை மடித்து ‘ட’ சொல்லாதீர்கள். ‘காற்று’ என்று யாழ்ப்பாணத்தில் சொல்லும்போது நாக்கு நிற்கும் இடமே அதன் இடம். பெயர்ச்சொல்லை மட்டும் தனியே பாடமாக்காதீர்கள். வீட்டுக்கு ‘ஹவுஸ்’ அல்ல, ‘டாஸ் ஹவுஸ்’.

கேள்வி: வயது 61. பிரான்ஸில் மகளிடம் போகப்போகிறேன். இந்த வயதில் பிரெஞ்சு ஏறுமா?
– வாசகர், கொக்குவில்

பதில்: ஏறும். தொடக்க மாதங்களில் இலக்கணத்தைச் சிறுவரைவிடப் பெரியவர்களே கெதியாகப் பிடிக்கிறார்கள். நீண்ட காலத்தில் சிறுவர் முந்துவது முக்கியமாக உச்சரிப்பில். உங்களுக்குப் பேரப்பிள்ளையின் உச்சரிப்புத் தேவையில்லை. கடைக்காரருக்கு விளங்கினால் போதும். நாளுக்கு எட்டுச் சொல் எடுங்கள். அடுத்த நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினாறாம் நாள் என்று விடையை மூடிவைத்து நினைவுபடுத்துங்கள். மறதி தொடக்கத்தில்தான் வேகமாக நடக்கிறது என்பதை ஜேர்மன் உளவியலாளர் ஹேர்மன் எபிங்ஹவுஸ் 1885 இலேயே காட்டினார். திரும்பத் திரும்ப வாசிப்பது தெரிந்ததுபோன்ற மயக்கத்தைத் தரும். மூடிவைத்துச் சொல்லிப் பாருங்கள். பிரெஞ்சில் நம் ‘த’ உதவும்: சிறியது என்பதற்கு ‘பெத்தி’. எழுத்தில் கடைசியாக நிற்கும் மெய் பெரும்பாலும் ஒலிக்காது. கடைக்குள் நுழைந்ததும் ‘போன்ஜூர்’ சொல்லிவிட்டே எதையும் கேளுங்கள்.

கேள்வி: மகன் ஆங்கிலம் கதைக்க வெட்கப்படுகிறான். ‘நீ கெட்டிக்காரன், உன்னால் ஏலும்’ என்று சொல்லியும் பயனில்லை.
– தாய், பருத்தித்துறை

பதில்: அந்தச் சொல்லை நிறுத்திப் பாருங்கள். உளவியல் ஆய்வாளர்கள் கிளாடியா மியூலரும் கரோல் டுவெக்கும் 1998 இல் வெளியிட்ட ஆய்வில், கெட்டித்தனத்துக்குப் புகழப்பட்ட பிள்ளைகள் ஒருமுறை சறுக்கியதும், முயற்சிக்குப் புகழப்பட்டவர்களைவிடக் கெதியாகச் சோர்ந்தார்கள். கெட்டிக்காரன் என்ற பெயர் போய்விடுமோ என்று பிள்ளை வாய் திறக்காமல் இருக்கலாம். வெறுமனே ‘முயற்சி செய்’ என்பதும் போதாது. ‘நேற்று நடந்ததைச் சொல்லும்போது இன்றைக்கு இறந்தகாலத்தைச் சரியாக வைத்தாய்’ என்று செய்ததைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். அவன் வசனத்தை முடிக்கும்வரை திருத்தாதீர்கள். பிழைத்த வசனத்தைச் சரியான வடிவத்தில் நீங்களே சொல்லி, கதையைத் தொடருங்கள். விருந்தினர் முன்னால் ‘இங்கிலீசில் கதைத்துக் காட்டு’ என்று மட்டும் கேட்க வேண்டாம்.