செவ்வாய்க்கிழமை வயிற்றுவலி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தொடக்கநிலை நான்கில் படிக்கும் என் மகன் வாரத்தில் இரண்டு நாள், பெரும்பாலும் செவ்வாயும் வியாழனும், பள்ளிக்குப் புறப்படும் நேரத்தில் வயிறு வலிக்கிறது என்று அழுகிறான். மருத்துவர் இருமுறை பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். என் கணவர் இதை நடிப்பு என்கிறார். தேர்வுப் பயமாக இருக்கும் என்று எண்ணி நான் கணிதத் துணைப்பாட வகுப்பை நிறுத்தினேன், வலி நிற்கவில்லை. தாயறியாத சூல் உண்டா என்று என் மாமியார் கேட்கிறார். நான் எங்கே தவறினேன்? (சிங்கப்பூர், செங்காங்கிலிருந்து ஒரு தாய்)

பதில்: உங்கள் மாமியார் சொன்ன பழமொழி சூலைப் பற்றியது. பிறந்து பத்து வயதான பிள்ளையைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்கென்று ஒரு மனம் வளர்ந்துவிட்டது, அதில் நாம் அறியாதவையும் இருக்கும். 'பெற்றவளுக்குத் தெரியாதா' என்னும் உறுதி வந்துவிட்ட வீட்டில் பிள்ளையிடம் கேட்கும் பழக்கம் மெல்ல நின்றுவிடுவதை, பள்ளி ஆலோசகராக இருந்த ஆண்டுகளில் நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

முதலில் உங்கள் கணவருக்கு ஒரு சொல். உடலில் நோய் இல்லாதபோதும் பிள்ளைகளுக்கு வயிறு உண்மையாகவே வலிக்கும். மனக்கலக்கம் குடலின் அசைவையும் அதன் உணர்திறனையும் மாற்றக்கூடியது என்பதால், பள்ளி வயதில் அடிக்கடி வரும் வயிற்றுவலியோடு கவலையும் சேர்ந்திருப்பதை மருத்துவர்கள் வழக்கமாகக் காண்கிறார்கள். மருத்துவர் 'ஒன்றுமில்லை' என்றபோது உங்களுக்கு நிம்மதி வந்திருக்கும். வலியோடு உட்கார்ந்திருந்த சிறுவனின் காதில் அதே சொல் 'நீ பொய் சொல்கிறாய்' என்று விழுந்திருக்கலாம்.

இந்த இடத்தில் ஒரு பழைய ஆய்வு எனக்கு நினைவுக்கு வருகிறது. 1983ல் ஹைன்ஸ் விம்மர், யோசப் பெர்னர் என்னும் இரு உளவியலாளர்கள் சிறு பிள்ளைகளுக்கு ஒரு கதை சொன்னார்கள். மாக்ஸி என்ற சிறுவன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான். அவன் இல்லாத நேரத்தில் அம்மா அதை வேறோர் அலமாரிக்கு மாற்றிவிடுகிறார். திரும்பி வந்த மாக்ஸி எங்கே தேடுவான்? மூன்று வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் சாக்லேட் இப்போது இருக்கும் இடத்தைக் காட்டினார்கள். தனக்குத் தெரிந்தது மாக்ஸிக்குத் தெரியாது என்பது நான்கு வயதையொட்டித்தான் பிள்ளைகளுக்குப் பிடிபடத் தொடங்குகிறது. நாமும் அவசரத்தில் மூன்று வயதுக்குத் திரும்பிவிடுகிறோம். அரையாண்டுத் தேர்வுகள் 2023க்குள் எல்லா நிலைகளிலும் நீக்கப்பட்டுவிட்டன, இனி என்ன பயம் என்பது நமக்குத் தெரிந்த செய்தி. ஐந்தாம் வகுப்பில் எந்தப் பாடத்தை வழக்கமான நிலையில், எதை அடிப்படை நிலையில் படிப்பது என்று நான்காம் வகுப்பின் முடிவில் பள்ளி பரிந்துரைக்கும் என்பது அவன் காதில் விழுந்த செய்தியாக இருக்கலாம்.

ஆனால் நானும் உங்களைப் போலவே தேர்வுப் பக்கம் சாய்ந்துவிடக்கூடாது. உங்கள் கடிதத்திலேயே பெரிய குறிப்பு ஒன்று இருக்கிறது: செவ்வாய், வியாழன். அந்த நாள்களில் பள்ளியில் என்ன நடக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. உடற்கல்வியா, இணைப்பாட நடவடிக்கையா, வேறோர் ஆசிரியரா, பேருந்தில் பக்கத்தில் உட்காரும் பையன் மாறுகிறானா? நாள்காட்டியில் ஒரு மாதத்துக்குக் குறித்து வையுங்கள். பிறகு அவனிடம், ஏன் என்று கேட்காமல், 'செவ்வாய்க்கிழமை ஏதோ கடினமாக இருக்கிறது என்று அம்மாவுக்குத் தோன்றுகிறது, தப்பாகவும் இருக்கலாம், நீதான் சொல்ல வேண்டும்' என்று சொல்லிப் பாருங்கள். 'ஏன்' என்ற சொல் பத்து வயதுக் காதில் விசாரணையாகவே கேட்கும். 'தப்பாகவும் இருக்கலாம்' என்பது, அம்மாவைத் திருத்தலாம் என்று அவனுக்கு அனுமதி தருகிறது.

துணைப்பாடத்தை நிறுத்தியது தவறன்று. உங்கள் ஊகத்தை அவனிடம் சொல்லிச் சரிபார்க்காமல் நிறுத்தியதுதான் குறை. எலிசபெத் மைன்ஸ் என்னும் பிரிட்டிஷ் உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும், ஆறு மாதக் குழந்தைகளோடு விளையாடும் தாய்மார்கள் குழந்தையின் மனத்தைப் பற்றிச் சொன்னவற்றைக் குறித்துவைத்து, அக்குழந்தைகளுக்கு ஒரு வயதானபோது தாயிடம் எவ்வளவு பாதுகாப்பான பிணைப்பு, அதாவது கலங்கும்போது தாயிடம் ஆறுதல் கிடைக்கும் என்னும் நம்பிக்கை, கொண்டிருக்கிறார்கள் என்று ஆராய்ந்து, முடிவுகளை 2001ல் வெளியிட்டார்கள். குழந்தை அந்த நேரத்தில் உண்மையில் எதில் ஈடுபட்டிருந்ததோ அதற்குப் பொருந்திய சொற்களைச் சொன்ன தாய்மாரின் குழந்தைகளிடம் பாதுகாப்பான பிணைப்பு கூடுதலாகக் காணப்பட்டது. குழந்தை கிலுகிலுப்பையை ஆர்வத்தோடு பார்த்துக்கொண்டிருக்கும்போது 'உனக்குத் தூக்கம் வந்துவிட்டது' என்றால், அதுவும் மனத்தைப் பற்றிய பேச்சுத்தான். ஆனால் அந்த மனம் குழந்தையுடையதன்று, களைத்துப்போன தாயுடையது.

நாள்காட்டியில் எதுவும் புலப்படாவிட்டால், அல்லது அவன் யாரோ ஒருவரின் பெயரைச் சொல்லி அழுதால், வகுப்பாசிரியரையும் பள்ளி ஆலோசகரையும் பாருங்கள். உங்களிடம் சொல்ல முடியாததை வேறொருவரிடம் அவன் சொல்லக்கூடும். சிங்கப்பூர்ச் சிறுவர் சங்கத்தின் டிங்கிள் ஃப்ரெண்ட் உதவித் தொலைபேசிச் சேவை, தொடக்கப்பள்ளி வயதினருக்காகவே 1984 முதல் நடந்து வருகிறது. அவன் வேறொருவரிடம் பேசினான் என்று தெரிந்தால் மனம் சுருங்காதீர்கள்.

கேள்வி: எங்கள் காலத்தில் அப்பா யாருடைய மனத்தையும் கேட்டதில்லை. பிரம்பு பேசியது, நாங்கள் படித்தோம். நான் நன்றாகத்தானே இருக்கிறேன்? பிள்ளையின் மனம், மனம் என்று இந்தக் காலத்தில் ஏன் இவ்வளவு பேச்சு? (ஈசூனிலிருந்து ஒரு தந்தை)

பதில்: நீங்கள் நன்றாக இருக்கிறீர்கள் என்றே நம்புகிறேன். ஆயினும் உங்களை ஒன்று கேட்கிறேன்: உங்கள் அப்பாவிடம் சொல்லாமல் விட்டது ஏதாவது இன்றும் நினைவில் இருக்கிறதா? உடனே ஒன்று நினைவுக்கு வந்திருந்தால், இந்தப் பேச்சு உங்களுக்கும் உரியது.

பீட்டர் ஃபோனகி என்னும் உளவியலாளரும் அவருடைய குழுவினரும் லண்டனில் கருவுற்றிருந்த தாய்மாரிடம், பிறக்கப்போகும் குழந்தையைப் பற்றியன்றி, அவர்களுடைய சொந்த இளமைப்பருவத்தைப் பற்றிக் கேட்டார்கள். தம் பெற்றோர் ஏன் அப்படி நடந்துகொண்டார்கள், அப்போது தமக்கு என்ன தோன்றியது என்று எண்ணிப் பேச முடிந்தவர்களின் குழந்தைகளே ஒரு வயதில் பாதுகாப்பான பிணைப்போடு காணப்பட்டதைப் பெரும்பாலும் முன்கூட்டிச் சொல்ல முடிந்தது என்று 1991ல் எழுதினார்கள். இன்பமான இளமை வாய்த்திருக்க வேண்டும் என்பதில்லை. பட்டதைத் திரும்பிப் பார்த்து அதற்குப் பொருள் சொல்லத் தெரிந்திருந்தால் போதும். 'பிரம்பு பேசியது' என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். பிரம்பைப் பிடித்திருந்தவர் அன்றைக்கு என்ன கவலையில் இருந்தார் என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா?

கேள்வி: உயர்நிலை இரண்டில் படிக்கும் என் மகள் எதைக் கேட்டாலும் 'ஃபைன்' என்று சொல்லி அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறாள். நான் திருச்சியில் வளர்ந்தவள். அவள் பேசும் வேகத்துக்கு என் ஆங்கிலம் போதாது. தோழிகளோடு கைப்பேசியில் மணிக்கணக்காக எழுதுகிறாள். அவள் தூங்கும்போது அதை எடுத்துப் படித்தால் அவள் மனம் தெரிந்துவிடும் அல்லவா? (பொங்கோலிலிருந்து ஒரு தாய்)

பதில்: தெரியாது. தோழிக்கு எழுதிய சொற்கள் தெரியும். பதினான்கு வயதில் தோழிக்கு எழுதுவதில் பாதி விளையாட்டு, பாதி வீம்பு. முன்பின் தெரியாமல் படிப்பவருக்கு இரண்டும் வேதனையாகத் தெரியும். பிடிபட்டால் அவள் அதன் பிறகு கைப்பேசியில்கூட எழுத மாட்டாள். தன்னைக் காயப்படுத்திக்கொள்கிறாள், யாரோ மிரட்டுகிறார்கள் என்னும் அச்சத்துக்கு உறுதியான அடையாளம் இருந்தால் பார்க்கத்தான் வேண்டும். அப்போதும் அவளிடம் சொல்லிவிட்டுப் பாருங்கள்.

மொழிச் சிக்கல்தான் உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது. இங்கே பல வீடுகளில் பெற்றோர் தமிழில் கோபப்படுகிறார்கள், பிள்ளைகள் ஆங்கிலத்தில் வருந்துகிறார்கள். தமிழ் வகுப்பில் அவள் கட்டுரை எழுதியிருப்பாள். ஆனால் ஏக்கம், ஆதங்கம், மனத்தாங்கல், கூச்சம் என்னும் சொற்களை யாராவது தம் மனத்தைச் சொல்லப் பயன்படுத்துவதை அவள் கேட்டிருக்கிறாளா? உங்களிடமிருந்துதான் கேட்க வேண்டும். 'இன்றைக்கு அலுவலகத்தில் என்னைக் கேட்காமலே ஒரு முடிவெடுத்துவிட்டார்கள், எனக்கு மனத்தாங்கலாக இருந்தது' என்று உங்களைப் பற்றி ஒரு வரி சொல்லுங்கள். பதிலுக்குக் காத்திராதீர்கள். முகத்துக்கு நேரே உட்கார்ந்து பேசச் சொன்னால் இந்த வயதில் வாய் அடைத்துக்கொள்ளும். இரவு உணவுக்குப் பிறகு நீங்கள் பாத்திரம் கழுவ அவள் துடைக்கட்டும், அல்லது உணவங்காடி நிலையத்துக்கு இருவரும் நடந்து போங்கள். அப்போது ஏதாவது சொல்லத் தொடங்கினால், அது ஆங்கிலத்தில் வந்தாலும், தமிழில் சொல் என்று அந்த நேரத்தில் மட்டும் திருத்தாதீர்கள்.