வாட்டம் பார்க்காமல் வாசல் போடாதீர்கள்

தம்பி, இங்கிலாந்தின் ரெடிங்கில் வீடு வாங்கிய கையோடு முன்தோட்டத்தை எடுத்துவிட்டு இரண்டு கார் நிற்கும்படி டிரைவ்வே போடப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். எத்தனை நாள் ஆகும், எந்த நிறக் கல் எடுப்பாக இருக்கும், ஓரத்தில் ஆத்தங்குடிக் கல் பதிக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஒரு கல்யாணத்துக்காக வந்த நான் செட்டிநாட்டுப் பள்ளத்தூர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எதிர்வீட்டு வாசலில் சரளை மண் கொட்டித் திமிசுக்கட்டையால் இடித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சத்தத்தோடு உங்கள் கேள்வியைப் படித்தபோது, 2006ஆம் ஆண்டு நான் ஏமாந்ததுதான் முதலில் நினைவுக்கு வந்தது.

நிறத்தை வீட்டில் கேட்டு முடிவுசெய்யுங்கள். மழை குறுக்கிடாவிட்டால் நாலைந்து நாளில் வேலை முடியும். எனக்குச் சொல்ல வேண்டியிருப்பது கல்லுக்கு அடியில் இருப்பதைப் பற்றி.

நான் அங்கே வீடு வாங்கிய ஆண்டு, ஐப்பசிக் குளிரில், லாரியோடு வந்த மூன்று பேர் கதவைத் தட்டினார்கள். பக்கத்துச் சாலையில் வேலை முடிந்து தார் மிச்சமிருப்பதாகவும், அது வீணாவதற்குப் பதில் பாதி விலைக்கு என் வாசலில் போட்டுத் தருவதாகவும் சொன்னார்கள். மிச்சம் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குள் இருந்த செட்டிநாட்டுக் கணக்கப்பிள்ளை விழித்துக்கொண்டார். இரண்டு மணி நேரத்தில் கரிய வாசல் பளபளத்தது. ரொக்கமாகக் கொடுத்தேன், ரசீது கேட்கவில்லை. சித்திரை வருவதற்குள் தாரைப் பிளந்துகொண்டு புல் எட்டிப்பார்த்தது. ஒரு ஸ்குரூடிரைவரை ஊன்றினேன்; ஊத்தப்பத்தின் கனத்துக்குக் கீழே நேராகத் தோட்டத்து மண். அவர்கள் கொடுத்த எண்ணை யாரும் எடுக்கவில்லை. அதைவிட மோசம், வாட்டம், அதாவது தண்ணீர் ஓடும் சரிவு, வீட்டுப் பக்கமாக இருந்தது; மழை பெய்தால் தண்ணீர் வாசற்படியில் வந்து நின்றது.

ஊரிலிருந்து ஆயா, என் பாட்டி, தொலைபேசியில் இதைக் கேட்டு, "தண்ணி எங்க போகும்னு பாக்காம வாசல் போட்டியாக்கும்?" என்றார்கள். முற்றத்து மழையை அண்டாவில் பிடித்து, மிச்சத்தை ஊருணிக்கு விட்ட வீட்டில் வளர்ந்தவனுக்கு அது உறைக்காமல் இருக்குமா?

இனிப் புதிதாகப் போடுபவர் கவனிக்க வேண்டியதைச் சொல்கிறேன். முதல் வேலை கல் பார்ப்பது அல்ல, உள்ளாட்சி மன்றமான கவுன்சிலுக்கு எழுதுவது. நடைபாதையின் விளிம்புக்கல்லைத் தாழ்த்தாமல் அதன்மீது காரை ஏற்றி இறக்க உங்களுக்கு உரிமை இல்லை. அந்தப் பகுதியைக் கவுன்சிலோ அது ஒப்புக்கொண்ட ஒப்பந்ததாரரோதான் செய்ய வேண்டும், அனுமதிக்கு வாரக்கணக்கில் காத்திருக்க நேரலாம். அடுத்தது தண்ணீர். 2007 கோடையின் வெள்ளத்துக்குப் பிறகு சட்டம் மாறியது. 2008 அக்டோபர் 1 முதல், இங்கிலாந்தில் வீட்டின் முன்புறம் 5 சதுர மீட்டருக்கு மேல் நீர் புகாத தளம் போட்டு, மழைநீரைத் தெருவுக்கு விட்டால் திட்ட அனுமதி பெற வேண்டும். நீர் புகும் தளமாக இருந்தாலோ, தண்ணீர் உங்கள் பூப்பாத்திக்கோ உறிஞ்சுகுழிக்கோ போனாலோ அது தேவையில்லை.

2009இல் நான் ஒழுங்காகப் போட்டபோது டேப்பும் கையுமாக நின்றேன். ஏறக்குறைய 24 சென்டிமீட்டர் தோண்டினார்கள்: கீழே 15 சென்டிமீட்டர் ஜல்லிக் கலவை, அதன்மேல் 4 சென்டிமீட்டர் கரடுமுரடான மணல், அதற்கும் மேல் 5 சென்டிமீட்டர் பிளாக் கல். ஜல்லியை ஒரே தடவையில் கொட்டாமல் இரண்டு அடுக்காகப் போட்டு, அதிரும் தகட்டு இயந்திரத்தால் ஒவ்வொன்றையும் இறுக்க வேண்டும். நம் ஊர்த் திமிசுக்கட்டையின் வேலைதான், சத்தம் மட்டும் அதிகம். ஓரக்கல்லுக்குக் கான்கிரீட் அணை கொடுக்காவிட்டால், கார் திரும்பத் திரும்பக் கற்கள் வெளிப்பக்கம் நகர்ந்துவிடும். 60 அங்குலத்துக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் வாட்டம் வீட்டைவிட்டு விலகி ஓட வேண்டும். சுவரில் ஈரம் ஏறாமல் தடுக்கும் அடுக்குக்கு 15 சென்டிமீட்டர் கீழேதான் தளம் முடிய வேண்டும். அங்குள்ள செங்கற்சுவரில் அது இரண்டு வரிசை, எண்ணிப் பார்த்துவிடலாம். தோண்டிய மண்ணுக்கான இரும்புத் தொட்டியைத் தெருவில் வைப்பதற்கும் அனுமதி வேண்டும், அதை யார் வாங்குவது என்று முன்னதாகவே பேசிக்கொள்ளுங்கள். முதல் சில மாதங்களில் கல்மேல் வெள்ளை பூத்தால் பதறாதீர்கள், தானே போய்விடும்.

பணத்தில் ஒரு சொல். வீட்டில் வைத்து ஒப்பந்தம் போட்டால் 14 நாளுக்குள் ரத்துசெய்ய உங்களுக்கு உரிமை உண்டு. அதற்குள் வேலையைத் தொடங்கச் சொல்லி நீங்களே எழுதிக் கொடுத்தால், நடந்த வேலைக்குப் பணம் தர வேண்டியிருக்கும். வேலையின் விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டுக்குள் என்றால், முன்பணத்தைக் கிரெடிட் கார்டில் கொடுங்கள். வேலை கெட்டுப்போனால் கார்டு கொடுத்த நிறுவனத்தையும் கேட்கலாம். நம்மவர்கள் சிலர் "நம்ம ஊர்ப் பையன்தான், ரொக்கமாகக் கொடுத்தால் குறைப்பான்" என்று ஆள் காட்டுவார்கள். ஊர்ப்பாசத்துக்குச் சாப்பாடு போடுங்கள், ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குங்கள். ரங்கூனுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்யப் போன நம் ஐயாக்கள் உறவுக்காரரோடும் கணக்கை எழுதித்தான் வைத்தார்கள்.

ஆத்தங்குடிக் கல் வேண்டாம். கண்ணாடிமேல் வார்த்து, தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கும் சிமெண்டுக் கல் அது. நடந்து நடந்துதான் மெருகேறும். கார்ச் சக்கரமும் உறைபனியும் அதற்குப் பழக்கமில்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் பெருமைக்காகக் கப்பலில் வரவழைத்துப் பதித்தார். இரண்டாம் குளிர்காலத்தில் பூவேலை அப்பளமாகப் பெயர்ந்தது. அவரிடம் மிஞ்சிய நான்கு கற்களை நான் கதவுக்கு உள்ளே, செருப்பு கழற்றும் இடத்தில் பதித்திருக்கிறேன். மழை நாளில் நீங்கள் வந்தால், தண்ணீர் அந்தப் படிவரை வருகிறதா என்று நீங்களே பாருங்கள்.