செயற்கை நுண்ணறிவைச் சரியாகப் புரிந்துகொண்டிருப்பது யார், இளையோரா பெரியவர்களா?

இந்தக் கேள்விக்கு "இளையோர்தான்" என்றே பலரும் பதில் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கோலாலம்பூர் செந்தூலில் கூட்டுக்குடும்பமாக இருக்கிறோம். நான் பார்த்தவரை, இதை வேகமாகப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் பிள்ளைகள். "இது யார் சொன்னது?" என்று கேட்பவர்கள் பெரியவர்கள்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். என் அத்தைக்கு 55 வயது நெருங்குகிறது. ஊழியர் சேமநிதியான இபிஎஃப் பணத்தை எப்படி எடுப்பது என்று கேட்டார். கல்லூரியில் படிக்கும் அவர் மகன் கைப்பேசியில் உள்ள செயற்கை நுண்ணறிவுச் செயலியில் தமிழிலேயே தட்டி, வந்த பதிலை வாசித்துக் காட்டினான். ஆதார், யூஏஎன் எண் என்று போய்க்கொண்டே இருந்தது. அவன் நிறுத்தவில்லை. அத்தைதான் நிறுத்தினார்: "டேய், இது எந்த ஊரு இபிஎஃப்? நம்மகிட்ட ஐசி, அடையாள அட்டை தானே கேப்பாங்க?"

இந்தியாவிலும் இபிஎஃப் என்ற பெயரில் சேமநிதி உண்டு, இங்கும் உண்டு. ஆதாரும் யூஏஎன்னும் அங்குள்ள எண்கள். இந்தச் செயலிகள் படித்த தமிழில் பெரும்பகுதி இந்தியாவில் எழுதப்பட்டது. அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணித்துத்தான் அவை எழுதுகின்றன. நாட்டைச் சொல்லாமல் கேட்டால் பதில் அந்தப் பக்கம் சாயத்தான் செய்யும். நம் இபிஎஃப் 2024 மே மாதம் மூன்று கணக்குகளாக மாறியதும், அதில் ஃபிளெக்சிபல் கணக்கிலிருந்து எப்போது வேண்டுமானாலும் பணம் எடுக்கலாம் என்பதும் அந்தப் பதிலில் இல்லவே இல்லை. ஆனால் தமிழ் மட்டும் அவ்வளவு சரளம்! அந்தச் சரளத்தைத்தான் தம்பி அறிவு என்று எடுத்துக்கொண்டான்.

இது இன்றைக்கு வந்த மயக்கமும் இல்லை. 1966-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் கணினி அறிஞர் ஜோசப் வைசன்பாம் 'எலிசா' என்ற உரையாடல் நிரலை வெளியிட்டார். நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும், அவ்வளவுதான். அவர் அதை உருவாக்குவதைப் பக்கத்திலிருந்து பார்த்த செயலாளரே, அதோடு தனியாகப் பேச வேண்டும், கொஞ்சம் வெளியே இருங்கள் என்று அவரிடம் கேட்டாராம். இதில் வயதுக்கு என்ன வேலை?

முறையாகத் தெரிந்துகொள்ள, 2024 ஜனவரியில் அரசாங்கம் தொடங்கிய 'ஏஐ உந்தோக் ராக்யாட்' (மக்களுக்கான செயற்கை நுண்ணறிவு) இணையப் பாடம் இருக்கிறது. தமிழிலும் உண்டு. அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து பார்ப்பது நல்லது.

பெரியவர்கள் தடுமாறும் இடம் குரல். எழுத்தைச் சந்தேகிக்கும் அதே அத்தை, மகன் குரலில் அழைப்பு வந்தால் சந்தேகிக்க மாட்டார். சில விநாடி ஒலிப்பதிவு கிடைத்தாலே ஒருவர் குரலைப் போலி செய்துவிடலாம் என்பது பலருக்கு இன்னும் தெரியவில்லை. அதனால் வீட்டில் இப்போதே பேசி வையுங்கள்: பணம் கேட்டு அழைப்பு வந்தால் வைத்துவிட்டு, தெரிந்த எண்ணுக்குத் திருப்பி அழைக்க வேண்டும். பணம் போய்விட்டால், பிள்ளைகள் திட்டுவார்களோ என்று மறைக்காமல் உடனே மலேசியாவின் மோசடிப் புகார் எண்ணான 997-க்கு அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறுவதற்குள் சொன்னால்தான் அதைத் தடுக்க வழி உண்டு.