சிமென்டில் தண்ணீர் ஊற்றினால் காய்ந்து இறுகிவிடுகிறது, அவ்வளவுதானே? அதில் ஆராய்ச்சி செய்ய இன்னும் என்ன இருக்கிறது?

இதைக் கேட்டவர் அநேகமாக முனைவர் பட்டத்துக்குத் தலைப்பு தேடுபவராக இருப்பார், இல்லையென்றால் வீட்டில் யாராவது இந்தத் துறைக்குப் போய்விட்ட கவலையில் இருப்பார். என் சொந்தக்காரர்கள் ஆறு வருடம் இதே கேள்வியை என்னிடம் கேட்டார்கள். அதனால் பதில் கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

முதலில், சிமென்ட் காய்வதால் இறுகுவதில்லை. எங்கள் ஆய்வகத்தில் 4 கிராம் சிமென்டில் 1.6 கிராம் தண்ணீர் விட்டுக் குழைத்து, சின்னக் கண்ணாடிக் குப்பியில் அடைத்து, காற்றுப் புகாமல் மூடி, வினையில் வெளிவரும் வெப்பத்தை அளக்கும் கலோரிமீட்டரில் வைப்போம். ஒரு சொட்டுகூட ஆவியாக வழியில்லை. மறுநாள் உள்ளே இருப்பது கல். குப்பியை உடைத்தால்தான் வெளியே வரும். தண்ணீர் சிமென்டோடு வினைபுரிந்து புதிய பொருளாகிவிடுகிறது. அதில் முக்கியமானது கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட் என்ற கூழ்மம். கட்டடத்தின் பலம் பெரும்பாலும் அதிலிருந்துதான் வருகிறது, ஆனால் அதற்கு இன்றுவரை ஒரே நிலையான வேதி வாய்பாடு கிடையாது. 1887-இல் பிரெஞ்சு வேதியியலாளர் லெ சாட்லியே, சிமென்ட் கரைந்து படிகங்களாகப் படிந்து பின்னிக்கொள்கிறது என்றார். சில வருடங்களில் ஜெர்மன் வேதியியலாளர் மிக்கேலிஸ், அது பசை போன்ற கூழ்மம் என்றார். இருவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது.

கலோரிமீட்டர் வரைபடத்தைப் பார்த்தால் உங்கள் கேள்வி மாறிவிடும். தண்ணீர் பட்டதும் சட்டென்று வெப்பம் எழும்பி அடங்கும். பிறகு இரண்டு மூன்று மணி நேரம் கோடு கிட்டத்தட்டத் தரையோடு கிடக்கும். அதன்பின் மெல்ல ஏறி, பத்தாவது மணி நேரத்தை ஒட்டி உச்சம் தொடும். நடுவில் வரும் அந்த அமைதி இல்லாவிட்டால் கான்கிரீட்டைக் கொண்டுபோய்க் கொட்டவே நேரம் கிடைக்காது. அது ஏன் வருகிறது என்பதில்தான் பல பத்தாண்டுகளாகச் சண்டை. துகள் மேல் மெல்லிய படலம் மூடிக்கொள்கிறது என்றது ஒரு தரப்பு. படலமே வேண்டாம், தண்ணீரில் அயனிகள் நிறைந்ததும் கரைவது தானாக மந்தமாகிவிடும் என்று 2010-இல் சிமென்ட் ஆய்வாளர் கேரன் ஸ்க்ரிவனர் உள்ளிட்டோர் வாதிட்டார்கள். நான் இரண்டாம் பக்கம். படலக்காரர்கள் திட்ட வருவார்கள் என்று தெரியும், வரட்டும்.

இனி என் கதை. நுண்ணிய சுண்ணாம்புக்கல் தூள் சேர்த்தால் வினை வேகமாகும் என்பது தெரிந்த விஷயம். ஹைட்ரேட் முளைக்க அது கூடுதல் பரப்பு கொடுக்கிறது. என் மாதிரிகளில் தலைகீழாக, உச்சம் தாமதமாகவும் குட்டையாகவும் வந்தது. புதிதாக ஏதோ கண்டுபிடித்துவிட்டேன் என்று மூன்று வாரம் தூங்கவில்லை. விளக்கம்கூட எழுதி வைத்துவிட்டேன்.

ஆய்வக உதவியாளர் அண்ணன் ஒருநாள் என் சிமென்ட் டப்பாவுக்குள் கைவிட்டு ஒரு சிட்டிகை எடுத்து விரலிடையில் தேய்த்துப் பார்த்தார். "தம்பி, இது ஈரம் குடிச்சிருக்கு. நெருநெருன்னு இருக்கு பாருங்க" என்றார். மூடி சரியாகப் பொருந்தாத டப்பா. தூள் சேர்க்காத ஒப்பீட்டு மாதிரியை நான் முதல் மாதமே, புது சிமென்டில் அளந்து முடித்திருந்தேன். தூள் சேர்த்தவை எல்லாம் ஈரம் குடித்த சிமென்ட். புது டப்பா உடைத்து இரண்டையும் ஒரே நாளில் அளந்தேன். தூள் சேர்த்தது முன்னால் வந்து நின்றது.

கட்டுமானத்தில் இருப்பவர்கள், ஈரம் பட்ட சிமென்ட் கெட்டது என்பது எங்களுக்குத் தெரியாதா என்பீர்கள். தெரியும். கண்ணுக்குக் கட்டி தெரியாத அளவு ஈரமே வரைபடத்தை இப்படிப் புரட்டும் என்பதுதான் நான் சொல்வது. புதிதாகப் போட்ட கான்கிரீட் தரையில் தண்ணீர் கட்டி வைப்பதையும் நான் குறை சொல்லவில்லை. முதல் நாட்களில் காயவிட்டால் வினையே பாதியில் நின்றுவிடும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அந்த வேலை கட்டுரையாக வந்தபோது அண்ணன் பெயர் ஆசிரியர் பட்டியலிலும் இல்லை, நன்றியிலும் இல்லை. ஆய்வகத்துக்கே வராத ஒருவர் பெயர் இருந்தது. கேட்டேன். "உதவியாளர் பெயரைப் போடும் வழக்கமில்லை" என்றார்கள். தவறான முடிவு அச்சேறாமல் தடுத்தவர் அவர். என் ஆய்வேட்டில் நன்றியின் முதல் வரியில் அவர் பெயரை எழுதினேன். கட்டுரையை மாற்ற முடியவில்லை, அது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

உலகின் கார்பன் டைஆக்சைடு உமிழ்வில் 7 முதல் 8 சதவீதம் சிமென்ட் தயாரிப்பில் வருகிறது. கிளிங்கரை, அதாவது சூளையில் சுட்டு எடுத்து அரைத்தால் சிமென்டாகும் கட்டியை, குறைத்துச் சுண்ணாம்புக்கல்லும் சுட்ட களிமண்ணும் கலந்தால் இறுகும் வேகம் மாறுகிறது. எவ்வளவு, ஏன் என்று சொல்ல ஆள் வேண்டும். இந்தப் பக்கம் வருவதென்றால் வாருங்கள். டப்பாவைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள், ஒப்பீட்டு மாதிரியை ஒவ்வொரு முறையும் புதிதாக அளங்கள்.